தொழிற்சாலை ஜாதகம்

(தொழிலாளர் கூட்டம் ஒன்றில் செய்த பிரசங்கம்)



இன்றைய தினம் எனக்குப் பேசும்படி கொடுக்கப்பட்ட விஷயம் "தொழிலாளியும் சோதனைப் புத்தகமும்" என்பதாகும். தலைப்பைக் கேட்டதும் இதில் பேச என்ன இருக்கிறது என்று பின்னால் இருக்கும் தோழர்கள் சிலர் சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. ஆலையிலோ, பணிமனையிலோ, ஆபீசிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். புத்தகத்தில் ஒன்று இருக்கும், காரியத்தில் வேறொன்று இருக்கும், இரண்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நான் சொல்லுவதற்காகவே எதையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டாம். உங்கள் அனுபவத்தோடு ஒத்திட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் என் சொந்தச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். சுமார் நாற்பது வருஷங்களுக்கு முன் நான் ஒரு துணி ஆலையில் பாய்லர் ரூமில் கையாளாக இருந்தேன். அங்கே ஒரு தடித்த புத்தகம் உண்டு. மணிக்கு ஒரு தரம் ஆவி எத்தனை பவுண்டு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதவேண்டும். ஷிப்டுக்கு ஒரு தரம் அந்தக் கண்ணாடிக் குழாயின் கீழ்த் திருகைத் திறந்து, சேறும் உப்பும் அடைக்காமல் தண்ணீரும் ஆவியும் வெளியே பாயும்படி விட்டுக் கழுவவேண்டும். கழுவினேன் என்று கையெழுத்தும் போடவேண்டும். எங்கள் மேஸ்திரி நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ராத்திரி பத்து மணிக்கு ஷிப்டு ஏறினதும் புத்தகத்தை என்னிடம் தள்ளி, "ஆறு மணி வரைக்கும் இப்பவே எழுதிப்போடு தம்பி" என்பார். நான் 118, 120, 120, 119 என்று எழுதுவேன். எல்லாம் 120 என்று எழுதினால் சந்தேகம் வருமாம். ஒன்று இரண்டு கூட்டிக் குறைத்து எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இந்த வேலைக்கு எங்கள் பாய்லர் ரூமில் என்ன பேர் தெரியுமா? "ஜாதகம் எழுதுவது" என்று பேர்! நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதுகிறோம் அல்லவா? "என்ன தம்பி, ஜாதகம் எழுதியாச்சா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்போம்.

இது நம் ஊரில் மாத்திரம் உள்ள வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஜனங்கள் "ஒப்பேற்றுவது" என்றும், "பேருக்குச் செய்வது" என்றும், "கணக்குக் காட்டுவது" என்றும் சொல்லுகிறதைப் போலவே எல்லாத் தேசத்திலும் இதற்கு ஒரு செல்லப் பேர் இருக்கிறது. அமெரிக்காவில் தொழிற்சாலைக்காரர்கள் இதைப் "பென்சில் விப்பிங்" என்கிறார்கள். அதாவது செய்யவேண்டிய சோதனையைச் செய்யாமல் பென்சிலைச் சாட்டைபோல் வீசித் தாள் முழுதும் அடையாளம் போட்டுவிடுவது. ஆஸ்திரேலியாவில் "டிக் அண்ட் பிளிக்" என்பார்கள். டிக் போடு, தாளைத் திருப்பு என்று அர்த்தம். அமெரிக்கக் கடற்படையில் "கன் டெக்கிங்" என்று பழைய பேர். அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை செய்கிறவர்கள் "ரேடியோ" என்பார்கள். ரசாயன சாலைகளில் "டிரை லேப்" என்கிறார்கள். கண்ணாடிக் குழலை நனைக்காமலேயே சோதனை முடிந்துவிட்டதாக எழுதுவதால் அது உலர்ந்த சோதனை! ருஷ்யாவில் "பிரிபிஸ்கா", அதாவது சேர்த்தெழுதுவது. சிறை முகாம்களில் "துப்தா".

இத்தனை தேசத்தில், இத்தனை பாஷையில், ஒரே காரியத்துக்கு ஏன் இத்தனை வேடிக்கைப் பேர்கள்? "பொய் எழுதினேன்" என்று சொல்ல மனிதனுக்கு நாக்குக் கூசுகிறது. "ஜாதகம் எழுதினேன்" என்றால் கூசுவதில்லை. லஞ்சம் என்றால் கோபம் வருகிறது. மாமூல் என்றால் வழக்கம்தானே என்று தோன்றுகிறது. மாமூல் என்ற வார்த்தைக்கே வழக்கம் என்றுதான் அர்த்தம்! குற்றத்துக்கு ஒரு செல்லப் பேர் வைத்தவுடன் அது குற்றமாக இல்லாமல் போய், தொழிலின் ஒரு பகுதியாகி விடுகிறது. புதிதாக வருகிற பையனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தால் போதும், அந்தக் காரியமும் கூடவே வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

சரி, இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். சிலது சொல்லுகிறேன்.

2010-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி அமெரிக்காவில் மேற்கு வெர்ஜீனியா மாகாணத்தில் அப்பர் பிக் பிராஞ்ச் என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 29 தொழிலாளர்கள் செத்தார்கள். சுரங்கத்தில் மீத்தேன் என்ற வாயு சேரும், கரித்தூள் பறக்கும். வாயுவில் பொறி பட்டால் சின்ன வெடி; அந்தச் சின்ன வெடி கரித்தூளைக் கிளப்பி விட்டால் மைல் கணக்கில் ஓடும் பெரிய வெடி. அதனால்தான் சுவரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கல் பொடியைத் தூவி வைக்கவேண்டும் என்றும், கரி வெட்டும் யந்திரத்தில் தண்ணீர் பீச்சும் குழாய்கள் வேலை செய்யவேண்டும் என்றும், ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் ஒருவர் உள்ளே நடந்துபோய்ப் பார்த்து எழுதவேண்டும் என்றும் சட்டம் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எவனோ உட்கார்ந்து கற்பனை செய்த சட்டமல்ல. நூறு வருஷமாகச் சுரங்கத்தில் செத்தவர்களின் கணக்கிலிருந்து எடுத்த சட்டம்.

அந்தச் சுரங்கத்தில் என்ன நடந்தது? சர்க்கார் விசாரணையில் இரண்டு விதப் புத்தகங்கள் இருந்தது வெளியாயிற்று. கம்பெனிக்காரர்கள் தங்கள் உபயோகத்துக்கு வைத்திருந்த புத்தகத்தில் எங்கே ஆபத்து, எங்கே கோளாறு என்று உள்ளபடி எழுதியிருந்தது. சர்க்கார் பார்க்கும் புத்தகத்தில் அவை இல்லை. தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்து, எழுதி, பத்திரமாக வைத்துக்கொண்டு, அதையே மறைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்குகிற தொழிலாளி எந்தப் புத்தகத்தை நம்பி இறங்கினான்?

அதோடு நிற்கவில்லை. சோதனை அதிகாரிகள் வாசலில் வந்ததும், கம்பெனி இடத்தில் ஆள் வந்திருக்கிறது என்று குறிப்புச் சொல்லால் உள்ளே தகவல் போய்விடும். அவர் கீழே வருவதற்குள் திரை கட்ட வேண்டிய இடத்தில் திரை கட்டி, பொடி தூவவேண்டிய இடத்தில் பொடி தூவி விடுவார்கள். இப்படி முன் தகவல் கொடுப்பதே அந்தத் தேசத்தில் குற்றம். இன்னொரு சங்கதி: வாயுவை அளக்கும் கருவி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டிய ஒருவர், வெடி நடப்பதற்கு முந்திய பல நாட்களாக அந்தக் கருவியை முடுக்கவேயில்லை என்று மாகாணம் நியமித்த விசாரணைக் குழு கண்டுபிடித்தது. எப்படித் தெரியும் என்றால், கருவிக்கே ஞாபகம் உண்டு. எப்பொழுது முடுக்கினார்கள் என்று அது தானே குறித்துக்கொள்ளும். மனிதன் ஜாதகம் எழுதினான், கருவி சரித்திரம் எழுதிற்று!

பிறகு வழக்கு நடந்தது. அந்த இடத்துக் காவல் தலைவருக்கு, விசாரணையில் பொய் சொன்னதற்காகவும் தஸ்தாவேஜுகளை அழிக்கப் பார்த்ததற்காகவும் மூன்று வருஷம் தண்டனை. கம்பெனியின் தலைமை அதிகாரிக்கு, சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தை மீறச் சதி செய்ததற்காக 2016-ல் ஒரு வருஷம். காகிதத்தை மறைத்தவனுக்கு மூன்று. மறைக்கும்படியான தொழிலை நடத்தினவனுக்கு ஒன்று. இதன் நியாயத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகாய விமானச் சங்கதி ஒன்று. 2000-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து, அதில் இருந்த 88 பேரும் மாண்டார்கள். விமானத்தின் வாலில் ஒரு பெரிய திருகாணி உண்டு. அது ஒரு மரைக்குள் சுழன்று ஏறி இறங்கித்தான் விமானத்தின் மூக்கை மேலும் கீழும் சமன் செய்கிறது. அதற்குக் கிரீஸ் போடவேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் மாட்டு வண்டிக்காரன் அச்சுக்கு மசகு போடுகிற காரியம். விசாரணை செய்தவர்கள் கடலிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, மரை ஓடுகிற இடத்தில் உபயோகமான கிரீஸ் இல்லை. மரையின் புரிகள் தேய்ந்து உரிந்து போயிருந்தன. ஆனால் காகிதத்தில் 1999 செப்டம்பரில் கிரீஸ் போட்டாகிவிட்டது! அந்தத் தடவை வேலையை அரைகுறையாகச் செய்திருக்கவேண்டும் அல்லது செய்யாமலே விட்டிருக்கவேண்டும் என்பது விசாரணைக்காரர்கள் முடிவு.

இதைக் கேட்டதும் அந்த மெக்கானிக்கைத் திட்டத் தோன்றும். திட்டுங்கள். ஆனால் அதோடு இதையும் கேளுங்கள். 1987-ல் அந்தக் கம்பெனியில் 500 மணி நேரம் பறந்தால் ஒரு தரம் கிரீஸ் என்று இருந்தது. படிப்படியாகத் தள்ளித் தள்ளி 1996-ல் எட்டு மாதத்துக்கு ஒரு தரம் என்று ஆக்கிவிட்டார்கள். அது சுமார் 2,500 மணி நேரம் பறப்பதற்குச் சமம். ஒரு தரம் தவறினால் அடுத்த தரம் வருவதற்குள் திருகாணி தேய்ந்துவிடும்படி ஏற்பாடு செய்தவன் கிரீஸ் டப்பாவைத் தொட்டவன் அல்ல. மேஜைமேல் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்த்தவன். அதற்கு அவன் ஒரு பொய்யும் எழுதவில்லை. எல்லாம் சட்டப்படி, அனுமதி வாங்கிச் செய்தது.

ரசாயன சாலைக்காரர்கள் படித்தவர்கள் ஆயிற்றே, அங்கே இப்படி நடக்குமா என்று கேட்காதீர்கள். பாஸ்டன் நகரத்தில் சர்க்கார் ரசாயன சாலையில், போலீசார் பிடித்துக்கொண்டு வரும் போதைப் பொருள்களைச் சோதித்துச் சொல்லும் உத்தியோகத்தில் ஒரு அம்மாள் இருந்தார். மற்றவர்களைவிடப் பல மடங்கு வேலை முடிப்பார். மேலதிகாரிகளுக்கு ஒரே சந்தோஷம். எப்படி முடிக்கிறார் என்று வருஷக் கணக்கில் அவர்கள் சரியாக விசாரிக்கவில்லை. 2012-ல் வெளிவந்தது: சோதிக்காமலே, பார்த்த மாத்திரத்தில் எழுதியிருக்கிறார். 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2017-ல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை நீதி ஸ்தலத்தார் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அத்தனை பேரில் குற்றவாளி எத்தனை, நிரபராதி எத்தனை என்று இனி எந்த மகானாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குள் சிறையில் கழித்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

முதலாளி தேசமாக இருப்பதால்தான் இப்படி, சமதர்ம தேசத்தில் இருக்காது என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். எனக்கும் அப்படி இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசைக்காக உள்ளதை மறைக்கக்கூடாது. 1959-ல் ருஷ்யாவில் ரியசான் ஜில்லாவின் கட்சித் தலைவர் லாரியோனோவ் என்பவர், சர்க்காருக்குக் கொடுக்கும் மாமிசத்தை ஒரே வருஷத்தில் மூன்று மடங்காக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பால் மாட்டையும் இனவிருத்திக்கு வைத்திருந்த மாட்டையும் வெட்டினார்கள். பக்கத்து ஜில்லாக்களில் விலைக்கு வாங்கிவந்து தங்கள் கணக்கில் சேர்த்தார்கள். வருஷக் கடைசியில் கணக்கு நிறைந்தது; பெரிய பட்டமும் கிடைத்தது. அடுத்த வருஷம் வெட்டுவதற்கு மாடு இல்லை. குட்டு வெளிப்பட்டது. 1960-ல் அந்த மனிதர் தற்கொலை செய்துகொண்டார். இதில் ஒரு தொழிலாளியும் சோம்பலால் பொய் எழுதவில்லை. மேலே இருப்பவனுக்கு எண் வேண்டும். கீழே இருப்பவன் எண்ணைக் கொடுத்தான். ஏட்டுச் சுரைக்காயையே கறி சமைத்துப் பரிமாறினார்கள்.

ஆகவே நான் சொல்லுவது என்னவென்றால், பொய் எழுதுகிற கை கீழே இருந்தாலும், அந்தப் பொய்யைக் கேட்டு வாங்குகிற வாய் பெரும்பாலும் மேலே இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தாளில் பார்க்கவேண்டிய இடம் 40 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுவோம். ஒவ்வொன்றுக்கும் நடந்துபோய்ப் பார்க்க 3 நிமிஷம். ஆக 120 நிமிஷம். ஷிப்டு மாறுகிற சமயத்தில் உங்களுக்குக் கொடுத்திருப்பது 30 நிமிஷம். மீதி 90 நிமிஷத்தை யார் கொடுப்பது? ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் 40 டிக்கும் வரவேண்டும்! அப்படியானால் 30 இடத்தில் பொய் எழுது என்று அந்தத் தாளே உத்தரவு போடுகிறது. மானேஜருக்கு இந்தப் பெருக்கல் தெரியாது என்று நினைக்கிறீர்களா? நன்றாய்த் தெரியும். விபத்து வந்தால் உங்கள் கையெழுத்து இருக்கிறது. வராவிட்டால் அவர் சிக்கனம் இருக்கிறது.

இப்படிச் சொல்லுவதால் தொழிலாளியின்மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லுவதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நேரம் இருந்தும் சோம்பலால் ஜாதகம் எழுதுகிறவன் எத்தனையோ பேர். எங்கள் பாய்லர் ரூமில் எங்களுக்கு நேரம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண்ணாடி கழுவ ஐந்து நிமிஷம் போதும். நாங்கள் அந்த நேரத்தில் டீ குடித்தோம். நாள்தோறும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததையே சோதனை தேவையில்லை என்பதற்கு ஆதாரமாக வைத்துக்கொண்டோம். தாயத்துக் கட்டினவன் பேய் பிடிக்காததைத் தாயத்துக்கு ஆதாரம் காட்டுவதற்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? தாளில் போட்ட டிக் பாய்லருக்குத் தெரியுமா?

இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிய யோசனை ஒன்றும் என்னிடம் இல்லை. டிக் கேட்கிற தாளைவிட எண் கேட்கிற தாள் மேல். எண்ணையும் நாங்கள் ஜாதகமாக எழுதினோம் என்பதை மறக்கவில்லை, ஆனாலும் டிக்கைவிட அதில் பொய் சீக்கிரம் அகப்படும். ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி, வாயாலும் சொல்லுகிறார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கையும் கண்ணும் வாயும் ஒன்று சேர்ந்தால் மனம் ஊர் சுற்றப் போகாது. இவற்றைவிட முக்கியமாக நான் கேட்பது ஒன்று. தாளில் "பார்க்கவில்லை" என்று எழுத ஒரு இடம் வேண்டும். "ஆள் இல்லை, அதனால் பார்க்கவில்லை", "நேரம் இல்லை, அதனால் பார்க்கவில்லை" என்று எழுதினவனுக்குத் தண்டனை இல்லை என்று எழுத்தில் வாங்கவேண்டும். கூலி உயர்வுக்குப் போராடுகிற சங்கங்கள் இதற்கும் ஒரு நாள் போராடினால் என்ன? பொய்யான நாற்பது டிக்கைவிட உண்மையான ஒரு வெற்றுக் கட்டம் அதிக சங்கதி சொல்லும். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிற மேலதிகாரி, எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. அதனால்தான் அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

என் ஆலைச் சங்கதியைப் பாதியில் விட்டேன். ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். கண்ணாடியில் தண்ணீர் பாதி நிற்கிறது. அது உண்மையான தண்ணீர் மட்டம் அல்ல. கீழ்த் துவாரம் சேற்றால் அடைத்து, பழைய தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது. பாய்லரின் தீ அறைக்கு மேலே, இப்படி வற்றினால் உருகி வழி விடுவதற்காகவே ஈயத்தால் அடைத்த ஒரு துளை உண்டு. அது உருகிற்று. அதனால்தான் பாய்லர் வெடிக்கவில்லை; நானும் இங்கே நின்று பேசுகிறேன். ஆனால் அந்தத் துளை வழியாக ஆவி தீ அறைக்குள் பாய்ந்து, தீயையும் சாம்பலையும் வாரிக்கொண்டு கதவு வழியே வெளியே அடித்தது. கதவைத் திறந்து விறகு போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயிற்று.

காலையில் மானேஜர் வந்து புத்தகத்தைப் பார்த்தார். நான்கு மணி, 120 பவுண்டு. ஐந்து மணி, 119 பவுண்டு. ஆறு மணி, 120 பவுண்டு, தண்ணீர் பாதிக் கண்ணாடி. மூன்று மணிக்கே செத்துப்போன பாய்லர்! அவர் கோபிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தார். புதுப் பக்கத்தில் அவர் சொல்ல நான் எழுதினேன். நள்ளிரவில் கண்ணாடி கழுவப்பட்டது. இரண்டு மணி வரையில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டரை மணிக்கு விறகு போடுகிறவர் உத்தரவில்லாமல் தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டார். மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். பெரியவருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வேலை போயிற்று.

ஏழெட்டு வருஷம் கழித்து அவரை ஒரு பஸ் நிலையத்தில் பார்த்தேன். பழ வண்டி வைத்திருந்தார். கைத் தோல் சுருங்கி விரல் இரண்டு மடங்கியபடி இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, உட்காரச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "தம்பி, அந்தப் புஸ்தகத்திலே என்னைப் பத்தி என்னதான் எழுதியிருந்தீங்க?" என்று கேட்டார். கிழித்த பக்கத்தில் இருந்ததையும் சொன்னேன், புதுப் பக்கத்தில் நான் எழுதினதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், இரண்டாவது பக்கத்தை மாத்திரம் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.